ஐந்தாம் அத்தியாயம்: விளையாட்டறையில் உம் கொட்டுதல்

இரவில் கதை கேட்கும் குழந்தை இடையிடையே ‘உம்’ என்று சொல்லாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சம்பிரதாயம். அந்த ‘உம்’முக்குத் தனியே அர்த்தம் ஏதும் இல்லை, கதையைத் திருத்துவதற்கோ, மெச்சுவதற்கோ, அதன் தாத்பரியம் யாதென்று விசாரிப்பதற்கோ அது சொல்லப்படுவதன்று, விழித்திருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதற்கு அடையாளமாக மாத்திரம் அது வாயினின்று புறப்படுகிறது. விளையாட்டுச் சிகிச்சை என்று இக்காலத்தில் பெயர்பெற்ற முறையில் இந்த இரண்டு ஸ்தானங்களும் இடம் மாறிக்கொள்கின்றன: கதை சொல்வது குழந்தை, உம் கொட்டுவது பெரியவர். பொம்மை வாங்குவது சுலபம், அறையை ஒழித்துக் கொடுப்பதும் சுலபம். இந்த உம் கொட்டுதல்தான், பத்து வருஷம் பழகிய பிறகும், எனக்கு எளிதில் கைவராத காரியமாக இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான்கு ஐந்து வயதுக் குழந்தையை மடியில் இருத்தி, ‘ஏன் இப்படி இருக்கிறாய், மனசில் என்ன இருக்கிறது, சொல்’ என்று கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அச்சம், பொறாமை, ஏக்கம் என்று தன் உள்ளத்தின் நிலைகளைப் பிரித்துப் பெயரிட்டு, காரண காரியத்தோடு எடுத்துரைக்கும் சக்தி பத்து பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் மெல்ல மெல்லக் கைகூடுகிறது என்பதை அவர் மறந்துவிடுகிறார். அதுவரையில் குழந்தைக்குக் கையில் அகப்பட்ட பொருளே சொல். அதை வைக்கும் இடமும் எறியும் வேகமுமே இலக்கணம். 1920-இல் வெளியான ஒரு நூலில் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, தம் பேரன் ஒன்றரை வயதில் ஆடிய ஒரு விளையாட்டை விவரிக்கிறார். தாய் மணிக்கணக்காக வெளியே போனாலும் அழாத அந்தச் சமர்த்துப் பிள்ளை, நூல் கட்டிய உருளைக்கட்டை ஒன்றைத் திரையிட்ட தன் கட்டிலின் விளிம்புக்கு அப்பால் எறிந்து மறையச் செய்து ‘ஓ’ என்று நீட்டி ஒலிக்கும். பின்பு நூலைப் பற்றி இழுத்து, கட்டை தலைகாட்டியதும் ‘இதோ’ என்று களிக்கும். தாய் போவதும் வருவதும் குழந்தையின் வசத்தில் இல்லை. கட்டை போவதும் வருவதும் அதன் வசத்தில் இருக்கிறது. தனக்கு நேர்ந்ததைத் தானே நிகழ்த்துவதாக மாற்றிக்கொள்ளும் இந்தத் தந்திரமே, பிற்காலத்தில் எழுந்த சிகிச்சை முறைகள் யாவற்றுக்கும் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை ஒரு வாரம் முழுவதும் கரடிப் பொம்மைக்கு ஊசி குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்த தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் சரித்திரத்தை விரித்துரைக்க இங்கே இடமில்லை. ஆயினும் ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லண்டனில் 1928-இல் குழந்தைகளுக்கென்று மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்டு என்னும் மருத்துவ அம்மையார், எச். ஜி. வெல்ஸ் தம் பிள்ளைகளோடு தரையில் சிற்றுருவங்களைப் பரப்பி ஆடிய ஆட்டங்களைப் பற்றி 1911-இல் எழுதிய சிறு நூலை நினைவில் கொண்டு, மனிதரும் மிருகங்களும் வீடுகளும் மரங்களுமான சின்னஞ்சிறு பொம்மைகளைச் சேர்த்து வைத்திருந்தார். மணல் தட்டு வேறாக இருந்தது. பொம்மைகளை எடுத்துப்போய் மணலில் அடுக்கி, அப்படி அடுக்கியதற்கு ‘உலகம்’ என்று பெயரும் இட்டவர்கள் குழந்தைகளே. சிகிச்சையைக் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகள், அதைத் தடுக்காமல் இருந்தவர் மருத்துவர் என்று சொன்னால் அந்த அம்மையாரே கோபித்துக்கொள்ள மாட்டார். அதே காலத்தில் மெலனி கிளைன் என்பவர் குழந்தையின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உட்பொருள் கண்டு அதைக் குழந்தைக்கே எடுத்துக் கூறினார்; பிராய்டின் புதல்வி அன்னா அதற்கு உடன்படவில்லை; அவ்விருவர் வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. நமக்கு வேண்டியவர், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழிநின்று 1947-இல் நூல் எழுதிய வர்ஜீனியா ஆக்ஸ்லைன். குழந்தை இருக்கிறபடியே அதை ஏற்க வேண்டும், முன்னே செல்லாமல் பின்தொடர வேண்டும், அவசரப்படுத்தலாகாது, அவசியமான எல்லைகளை மாத்திரம் விதிக்க வேண்டும் என்று எட்டு நெறிகளை அவர் வகுத்தார். முக்கால் நூற்றாண்டு ஆகியும் அவற்றில் திருத்துவதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, அறையும் சாமான்களும். தனி அறை இருந்தால் விசேஷம். இல்லாவிட்டால் ஒரு பாயின் அளவே போதும். முக்கியமானது கிரமம்: வாரந்தோறும் அதே கிழமை, அதே நேரம், அதே இடம், அதே சாமான்கள். சிகிச்சை நிலையங்களில் முக்கால் மணி முதல் ஐம்பது நிமிஷம் வரையிலும், வீட்டில் அரைமணியும் வழக்கம்.

சாமான்களைப் பொறுத்தவரை, கடைத்தெருவில் விலையுயர்ந்தவையாகக் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் பிரயோஜனமற்றவை. பொத்தானை அமுக்கினால் பாடியாடும் பொம்மை தன் கதையைத் தானே சொல்லி முடித்துவிடுகிறது; குழந்தை சொல்வதற்கு அங்கே இடமில்லை. மரச் சொப்புகள், தாத்தா பாட்டி உட்பட ஒரு குடும்பத்துக்குப் போதுமான துணிப்பொம்மைகள், ஒரு கைக்குழந்தைப் பொம்மை, பால்புட்டி, ஊசி கழற்றிய சிரிஞ்சும் கட்டுத்துணியும், ஒரு பஸ், ஓர் ஆம்புலன்ஸ், பழைய செல்போன், களிமண், கிரேயான், போர்த்திக்கொள்ளவும் கூடாரம் கட்டவும் உதவுகிற ஒரு பழம்புடவை: இவை இருந்தால் வாழ்க்கையின் பெரும்பான்மையான சந்தர்ப்பங்களை நடித்துக்காட்டிவிடலாம். இவற்றோடு புலி, பாம்பு, முதலை, ரப்பர்க் கத்தி, விளையாட்டுத் துப்பாக்கி ஆகியனவும் வேண்டும் என்று சொன்னால் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். கோபத்துக்கு உபகரணம் கொடாமல் அன்புக்கு மாத்திரம் கொடுத்தால், இந்த வீட்டில் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதைக் குழந்தை முதல் நாளே தெரிந்துகொண்டுவிடும் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்.

மணல் தட்டைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வது நல்லது. ஸ்விட்ஸர்லாந்தின் டோரா கால்ஃப் அம்மையார் நிலைபெறச் செய்த அளவு ஏறத்தாழ 28 அங்குல நீளம், 19 அங்குல அகலம், 3 அங்குல ஆழம். தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுவதும் தெரிய வேண்டும் என்பது அந்த அளவின் காரணம். உட்புறம் நீல வர்ணம் பூசவேண்டும். மணலை விலக்கினால் அடியில் தண்ணீர் தெரிந்தாற்போல் இருக்கும். மணலைச் சலித்து, இரண்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திப் போடுக.

அரைமணி நேரம் தொடங்கியபின் பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சூத்திரமாகச் சொல்வதைவிட ஒரு குழந்தையைக் காட்டிச் சொல்வது மேல். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆறு வயதுச் சிறுமி. தம்பி பிறந்த சில மாதங்களில் வகுப்பில் பேசுவதை அறவே நிறுத்திவிட்டு, மறந்தே போயிருந்த படுக்கையை நனைக்கும் வழக்கத்துக்குத் திரும்பியிருந்தாள். முதல் வாரம் கதவருகில் நின்று பாவாடை ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ‘இங்கே இருக்கிற சாமான வச்சு உனக்குப் பிடிச்ச மாதிரி விளையாடலாம். ஒண்ணும் செய்யாம நின்னுக்கிட்டும் இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். அரைமணியும் அப்படியே கழிந்தது. அதை வீண் என்று எண்ணுகிறவர் இந்த வேலைக்கு வராமலிருப்பது உத்தமம்.

மூன்றாம் வாரம் அவள் கைக்குழந்தைப் பொம்மையை எடுத்து, மணலில் குழி பறித்துக் கிடத்தி, கால் முதற்கொண்டு மெதுவாக மூடினாள். முகத்தை மூடும்போது மணலை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள்.

“நல்லா மூடிட்டே” என்றேன்.

“பாப்பா இனிமே வராது.”

“உம். இனிமே வராது.”

“அம்மா தேடுவாங்க. கிடைக்காது.”

“அம்மா தேடினாலும் கிடைக்காது.”

அவள் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அங்கே அதிர்ச்சியோ உபதேசமோ எழுகிறதா என்று சோதித்தாள் போலும். பிறகு சொப்பை எடுத்து அந்த மணல்மேட்டின் மேலேயே அடுப்பு வைத்துச் சோறு சமைத்தாள்.

இந்த இடத்தில், ‘ஐயோ, பாப்பா பாவம் இல்லையா? வெளியே எடும்மா’ என்று சொல்லத் தோன்றாத பெரியவர் ஒருவரும் இரார். அப்படிச் சொல்லியிருந்தால் பொம்மை வெளியே வந்திருக்கும். சிறுமியின் மனத்தில் இருந்தது உள்ளே போயிருக்கும். நான் செய்தது அவள் சொன்னதையும் செய்ததையும் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொன்னது மாத்திரம். இதைக் கிளிப்பிள்ளைத்தனம் என்று பரிகசிப்பவர் உண்டு. வெறும் வாயால் சொன்னால் அது கிளிப்பிள்ளைத்தனமேதான். முகமும் குரலும் குழந்தையின் உணர்ச்சியோடு இசைந்திருந்தால்தான் அது உம் கொட்டுதலாகும்.

நான்காம் வாரம் நான் ஒரு பிழை செய்தேன். அவள் மறுபடியும் பொம்மையைப் புதைக்கக் கண்டு, புத்திசாலித்தனத்தை அடக்கமாட்டாமல், “அது தம்பியா?” என்று கேட்டுவிட்டேன். அவள் கை நின்றது. மணலைத் தட்டிவிட்டு எழுந்துபோய், மிச்ச நேரமெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூ வரைந்தாள்; பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வரைகிற அந்த ஐந்து இதழ்ப் பூ. பொம்மை பொம்மையாக இருக்கும்வரை அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தம்பி என்று நான் பெயரிட்டமாத்திரத்தில் அது குற்றமாகிவிட்டது. குழந்தை பெயரிடாத ஒன்றுக்கு நாம் பெயரிடலாகாது என்ற விதியை நூலில் படித்திருந்தேன். அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் கற்றேன். கையிலுள்ள மரக்கட்டையைக்கூட ‘பஸ்’ என்று சொல்லாதீர்கள். அவளுக்கு அது படகாக இருக்கலாம். ‘அது அங்கே போகுது’ என்றால் போதும்.

ஏழாம் வாரம், நான் ஒன்றும் சொல்லாமலே, அவள் பொம்மையைத் தோண்டி எடுத்தாள். சொப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். மை இல்லாததால் கறுப்புக் கிரேயானை எடுத்து அதன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு ஒன்று வைத்தாள். இதோடு கதை சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமே மறுபடியும் புதைத்தாள், ஆனால் தலையை வெளியே விட்டுப் புதைத்தாள். பள்ளியில் பேச்சு அந்த மாதமே மெல்லத் திரும்பியது. படுக்கை நனைவது நிற்க மேலும் இரண்டு மாதம் பிடித்தது.

புகழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ரொம்ப அழகா இருக்கு’ என்று ஒரு படத்தைச் சொல்லிவிட்டால், அடுத்த படம் நமக்காக வரையப்படும். ‘சிவப்பு நிறைய போட்டிருக்கே’ என்பது போதுமானது. ‘இதுக்கு என்ன கலர் அடிக்கட்டும், டீச்சர்?’ என்று கேட்டால், ‘இங்கே அதை நீயே முடிவு பண்ணலாம்’ என்பதே விடை. எதையும் கேட்டுக் கேட்டே செய்து பழகிய நம் பிள்ளைகளில் சிலர் இந்த விடையைக் கேட்டு முதலில் திகைத்துப்போகிறார்கள்.

எல்லாவற்றையும் ஏற்பதென்றால் எல்லாவற்றையும் அனுமதிப்பதென்று கொள்ளலாகாது. தன்னையோ பெரியவரையோ காயப்படுத்துவதும், அறையைச் சேதப்படுத்துவதும் கூடா. இந்த எல்லைகளை முதல் நாளே சட்டம் வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டியதில்லை. மீறப்போகும் தறுவாயில் சொன்னால் போதும். அமெரிக்காவின் கேரி லாண்ட்ரெத் இதற்கு வகுத்த மூன்று படிகள் அனுபவத்தில் மிகவும் உதவுகின்றன: முதலில் உணர்ச்சியை ஒப்புக்கொள்வது, பிறகு எல்லையைச் சொல்வது, அதன்பின் மாற்று வழி காட்டுவது. மரக்கட்டையை ஓங்கிக்கொண்டு வரும் பையனிடம், “உனக்கு என்மேல ரொம்பக் கோபம். நான் அடிக்கிறதுக்கு இல்லே. அந்தத் தலையணையை அடிக்கலாம்” என்று, குரலை உயர்த்தாமல், இந்த வரிசையிலேயே சொல்லவேண்டும். ‘அடிக்காதே’ என்பதை முதலில் வைத்தால் மற்ற இரண்டும் காதில் ஏறா.

ஆட்டம் முடிந்தபின் சாமான்களை ஒதுக்கி வைப்பது பெரியவர் பொறுப்பு. நல்ல பழக்கம் கற்பிக்க வேண்டாமா என்று தாய்மார் கேட்கிறார்கள்; மற்ற ஆறரை நாளும் கற்பியுங்கள். தான் இப்போது சொன்னதைத் தானே அழித்துவிட்டுப் போ என்று குழந்தையை இந்த ஒரு வேளையில் ஏவ வேண்டாம்.

ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வருவது இயல்பு. அதில் சிறிது சிறிதாக ஏதேனும் மாறிவருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் நடத்திய குழந்தைகள் இல்லத்தில், தந்தையை இழந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் காகித வீடுகளைக் கட்டி, கோலிக்குண்டுகளை அவற்றின்மேல் வெடிகுண்டுகளாகப் போட்டு விளையாடினான். அவன் ஆட்டத்தில் மனிதர்கள் யாவரும் தப்பித்துக்கொள்வார்கள். வீடுகளும் மறுபடி எழுந்துவிடும். தந்தை இறந்ததை ஏற்க மறுத்தவரையில் அந்த ஆட்டம் ஓயவில்லை. அதை அவன் வாய்திறந்து சொல்ல முடிந்த பிறகே ஓய்ந்தது. இதற்கும் கடுமையான நிலை ஒன்று உண்டு. 1976-இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்னும் ஊரில் 26 பள்ளிப்பிள்ளைகளை ஓட்டுநரோடு பஸ்ஸோடு கடத்தி, நிலத்தடியில் புதைத்த ஒரு வண்டிப்பெட்டிக்குள் அடைத்துவைத்தார்கள். பல மணி நேரத்துக்குப்பின் அவர்கள் தாமே வழிதோண்டி வெளியேறினார்கள். அப்பிள்ளைகளைப் பின்னாளில் ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களிடம் களிப்பே இல்லாத, மாறுதலே இல்லாத, ஆடி முடித்தும் ஆறுதல் தராத ஒருவகை விளையாட்டைக் கண்டார். விளையாட்டு தானாகவே ஆற்றிவிடும் என்று நம்பி விட்டுவிடலாகாத இடம் இது. பல வாரங்கள் ஒரே ஆட்டம் அசைவின்றித் திரும்பி, குழந்தை ஒவ்வொரு முறையும் முன்னிலும் வெளிறி எழுந்தால், பயிற்சி பெற்ற நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.

போர் மிகுந்த இடங்களில் இந்தக் காரியத்தை அறைக்குள் வைத்துக்கொள்ள முடிவதில்லை. மட்டக்களப்பில் 1996-இல் கனடா தேசத்துக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைக் குருவான பால் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை கட்டி நாடகம் ஆடினார்கள். ஏட்டில் சொல்லும் இலக்கணப்படி அது விளையாட்டுச் சிகிச்சை ஆகாது என்று வாதிப்பவருடன் நான் வழக்காடப்போவதில்லை. பக்கத்து ஊரைக் கண்டாலே அஞ்சவேண்டிய காலத்தில், அந்த ஊர்ப் பிள்ளையோடு ஒரே மண்ணைப் பிசையக் கிடைத்த இடம் அது.

பெற்றோரே இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு 1960-களில் பெர்னார்டு கர்னியும் லூயிஸ் கர்னியும் செய்துகாட்டியே விடையளித்தார்கள்: தாய்தந்தையருக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் அரைமணி நேரம் தம் குழந்தையோடு இம்முறையில் விளையாடச் செய்தார்கள். 1953 முதல் 2000 வரை நடந்த 93 ஆய்வுகளைச் சேர்த்து 2005-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில், பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்திய சிகிச்சையில் பலன் அதிகமாகவே காணப்பட்டது. அவற்றில் பல சிறிய ஆய்வுகள் என்பதை மறைப்பது முறையன்று. எனினும் என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. மேலே சொன்ன சிறுமியின் தாயும் ஆறாம் வாரம் முதல் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அரைமணி அவளோடு பாயில் உட்கார்ந்தாள். முன்னேற்றத்தில் என் பங்கு எவ்வளவு, அந்தப் பாயின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டில் செய்பவர் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு குழந்தை மாத்திரம். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். பொம்மைகளைத் தனியே ஒரு பையில் வையுங்கள்; அவை அந்த அரைமணிக்கு மாத்திரம் உரியவை. குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அந்த வேளையை ரத்துசெய்யாதீர்கள். குறும்பு மிகுந்த வாரத்தில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. அங்கே ஆடியதையும் சொன்னதையும் அத்தை வந்தபோது சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை மாத்திரம் விதிவிலக்கில்லாதது. குழந்தையிடம் யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் விளையாட்டிலோ பேச்சிலோ எழுந்தால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு உதவியை நாடுங்கள். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 ஆகியவை குழந்தைகளுக்கான இலவச உதவி எண்கள். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டப்படி, அறிந்தவர் தெரிவிப்பது கடமையும் ஆகும்.

அரைமணி முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ‘இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு’ என்று ஒரு முறை சொல்லுங்கள். நேரம் ஆனதும் எழுந்து நில்லுங்கள்; ஆட்டம் சுவையான இடத்தில் இருந்தாலும் நீட்டிக்க வேண்டாம். பொம்மைகளை நீங்களே பையில் எடுத்து வைத்து, மணலைச் சமப்படுத்தி, தட்டை மூடுங்கள். அடுத்த செவ்வாய் மாலை 5 மணிக்கு, அதே இடத்தில், அதே பாயை விரியுங்கள்.